‘ஒன்றிரண்டுதானே, டாக்டர்?’

புகைப்பழக்கமும் இதயமும் குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். டெல்லி, நொய்டா, குருகிராம் பகுதிகளில் வாழும் தமிழ் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களைப் படித்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை கேள்விகளாக அல்லாமல் பேரங்களாகவே இருப்பதைக் கண்டேன். சரோஜினி நகர்ச் சந்தையில் 500 ரூபாய்ச் சட்டையை 200 ரூபாய்க்குக் கேட்டுப் பழகிய ஊர் இது என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் இதயம் எதில் விலை குறைக்கும், எதில் குறைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு பேரத்தில் இறங்குவது நல்லது. ‘வீட்டில் தெரிய வேண்டாம்’ என்று பலரும் எழுதியிருப்பதால் யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு வயது 46. மத்திய அரசு அலுவலகத்தில் பணிபுரிகிறேன். 20 ஆண்டுகளாக நாளொன்றுக்கு 10 சிகரெட் பிடித்துவந்தேன். சென்ற ஆண்டு முதல் அதை இரண்டாகக் குறைத்துவிட்டேன். காலையில் எழுந்ததும் ஒன்று, மதிய உணவுக்குப் பின் ஒன்று. ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்திருப்பதால் மாரடைப்பு ஆபத்தும் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா? (ஆர்.கே. புரம் வாசகர்)

பதில்: நீங்கள் போட்டிருக்கும் கணக்கு நுரையீரல் புற்றுநோய்க்கு ஓரளவு பொருந்தும், இதயத்துக்குப் பொருந்தாது. புற்றுநோயைப் பொறுத்தவரை எத்தனை சிகரெட், எத்தனை ஆண்டுகள் என்பதற்கேற்ப ஆபத்து ஏறக்குறைய சீராக ஏறுகிறது. இதயத்தின் கதை வேறு. 141 ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2018-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கட்டுரை, ஒருபோதும் புகைக்காத ஆண்களோடு ஒப்பிடுகையில், நாள்தோறும் 20 சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு இதய இரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்றும், ஒரே ஒரு சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு அது 48 சதவீதம் அதிகம் என்றும் காட்டியது. பெண்களுக்கு அந்த ஒரு சிகரெட்டின் விலை 57 சதவீதம். அதாவது, 20-ஐ ஒன்றாகக் குறைத்த ஆணுக்குக் கூடுதல் ஆபத்து இருபதில் ஒரு பங்காகக் குறையவில்லை. ஏறக்குறைய பாதியளவு அப்படியே நின்றுவிடுகிறது.

ஏன் இப்படி என்று கேட்பீர்கள். மாரடைப்பு என்பதைக் குழாயில் அழுக்கு படிந்து படிந்து ஒரு நாள் அடைத்துக்கொள்வதுபோலப் பலரும் கற்பனை செய்துகொள்கிறார்கள். பெரும்பாலான மாரடைப்புகள் அவ்வாறு நிகழ்வதில்லை. இரத்தக்குழாயின் உட்சுவரில் உருவாகியிருக்கும் கொழுப்புத் திட்டு ஒன்று திடீரென வெடித்து, அந்தப் புண்ணின் மேல் சில நிமிடங்களில் இரத்தம் உறைந்து, குழாய் முழுவதும் அடைபடுவதே வழக்கம். இந்த நிகழ்வின் ஒவ்வொரு கட்டத்திலும் சிகரெட் புகை கைகொடுக்கிறது. குழாயின் உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய செல் அடுக்கு, நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்வாகவும் வழவழப்பாகவும் வைத்திருக்கிறது. புகை அந்தச் சுரப்பைக் குறைக்கிறது. இரத்தத்தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தன்மை கூடுகிறது. நிக்கோட்டின் அட்ரினலினைச் சுரக்கவைத்து, இதயத்துடிப்பை நிமிடத்துக்கு 10 முதல் 15 வரை உயர்த்தி, இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. அதே வேளையில் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலிமையாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால், கூடுதலாக உழைக்கும்படி விரட்டப்படும் இதயத்துக்குக் கிடைக்கும் ஆக்சிஜனோ குறைந்துபோகிறது. இந்த மாற்றங்களில் பல, மிகச் சிறிய அளவுப் புகையிலேயே பெரும்பகுதி நிகழ்ந்துவிடுகின்றன. எனவேதான் முதல் சிகரெட் விலை உயர்ந்ததாகவும், பத்தாவது சிகரெட் ஒப்பீட்டளவில் மலிவானதாகவும் இருக்கிறது. நீங்கள் மலிவான எட்டை விட்டுவிட்டு விலை உயர்ந்த இரண்டை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. எண்ணிக்கையைக் குறைத்தவர்கள், தம்மை அறியாமலேயே, மிஞ்சிய சிகரெட்டை ஆழமாகவும் அடிவரையிலும் இழுக்கத் தொடங்குவார்கள். உடல் தனக்குப் பழகிய நிக்கோட்டின் அளவைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் முறை அது.

உங்கள் இரண்டில் எதை முதலில் விடுவது என்று கேட்டிருந்தால், தயங்காமல் காலைச் சிகரெட்டைச் சொல்வேன். கண்விழித்த அரை மணி நேரத்துக்குள் சிகரெட் தேவைப்படுவது, பழக்கம் ஆழமாக வேரூன்றியிருப்பதன் அடையாளம். மேலும், இரத்த அழுத்தம் இயல்பாகவே ஏறுவதும் மாரடைப்புகள் மிகுதியாக நிகழ்வதும் காலை வேளையில்தான். ஜனவரி மாத டெல்லிக் குளிரில் இரத்தக்குழாய்கள் ஏற்கெனவே சுருங்கியிருக்கும்போது, போர்வையிலிருந்து எழுந்து மொட்டைமாடியில் நின்று புகைப்பது எத்தகைய நேரத்தில் எத்தகைய சுமையை இதயத்தின் மேல் ஏற்றுவது என்பதை எண்ணிப் பாருங்கள். 10-ஐ இரண்டாகக் குறைத்த உங்கள் மன உறுதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதை ஒரு படியாகக் கொண்டு, நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறித்து, அந்த இரண்டையும் அன்றே விடுவதற்கு அது உதவுமானால், சென்ற ஓராண்டு வீண் போகவில்லை.

கேள்வி: நான் 15 ஆண்டுகளாகப் புகைக்கிறேன். ஈசிஜி, டிரெட்மில் இரண்டும் இயல்பாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். என் இதயத்தைப் புகை தொடவில்லை என்றுதானே பொருள்? (துவாரகா வாசகர்)

பதில்: இல்லை. ஈசிஜி அந்த நிமிடத்தில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிறது. டிரெட்மில் சோதனை, இரத்த ஓட்டத்தைத் தடுக்குமளவுக்குப் பெரிதாகிவிட்ட அடைப்பைத்தான் பெரும்பாலும் கண்டுபிடிக்கும். நேற்றுவரை ஓட்டத்தைத் தடுக்காமல் இருந்த சிறிய திட்டு, நாளை வெடிக்குமா என்பதை இரண்டாலும் சொல்ல இயலாது.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகனின் பையில் பென் டிரைவ் போன்ற ஒரு பொருள் இருந்தது. மாம்பழ வாசனை வந்தது. கேட்டால், ‘இது சிகரெட் இல்லை அம்மா, வேப், வெறும் நீராவி, தாரும் இல்லை, புகையும் இல்லை, நெஞ்சுக்கு ஒன்றும் செய்யாது’ என்கிறான். இதை நம்பலாமா? அவனிடம் எப்படிப் பேசுவது? (மயூர் விஹார் வாசகி)

பதில்: உங்கள் மகன் சொல்வதில் ஒரு பகுதி உண்மை, அதை ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும், இல்லையென்றால் அவன் மீதியைக் கேட்கமாட்டான். வேப் எனப்படும் மின்சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. எரிதல் இல்லாததால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டோடு ஒப்பிடும்போது மிகமிகக் குறைவு. ஆனால் அது நீராவி அன்று. புரோபிலீன் கிளைகோல், கிளிசரின் ஆகியவற்றில் நிக்கோட்டினும் வாசனைப் பொருள்களும் கலந்த திரவத்தை, சூடேறிய கம்பிச்சுருள் ஒன்று நுண்துளிகளாக மாற்றுகிறது. அதுதான் உள்ளே போகிறது. அந்தச் சூட்டில் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலீன் போன்றவை உருவாகின்றன. கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களின் நுண்துகள்களும் சேர்கின்றன. அக்ரோலீன் இரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுக்கும் பொருள் என்பது நெடுங்காலமாக அறிந்த செய்தி.

இதயத்தைப் பொறுத்தவரை முக்கியமான பொருள் நிக்கோட்டின். இப்போது வரும் கருவிகளில் நிக்கோட்டின் உப்பு வடிவில் கலக்கப்படுவதால் தொண்டையில் எரிச்சல் தெரிவதில்லை. சிகரெட்டை முதன்முதலில் இழுத்தவனுக்கு வரும் இருமல், ஒருவகையில் இயற்கை வைத்த காவலாளி. மாம்பழ வாசனை அந்தக் காவலாளியைத் தூங்கவைத்துவிடுகிறது. கணக்கைப் பாருங்கள்: 5 சதவீதம் என்று அச்சிட்ட 2 மில்லிலிட்டர் கருவி ஒன்றில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கும். ஒரு சிகரெட்டிலிருந்து உடல் ஏற்றுக்கொள்வது 1 முதல் 1.5 மில்லிகிராம். கருவியில் இருப்பது முழுவதும் உடலில் சேர்வதில்லை என்றாலும், ‘எத்தனை பிடித்தேன்’ என்று எண்ணுவதற்குச் சிகரெட்டைப் போல ஒரு முடிவே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். சிகரெட் எரிந்து தீர்ந்துவிடும்; இது சட்டைப்பையில் இருந்துகொண்டே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. 5 சதவீதம் என்பது அதைப்போல இரண்டரை மடங்கு.

வேப்பை இழுத்தவுடன் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுவதும், தமனிகள் சிறிது நேரம் விறைப்படைவதும் அளந்து பார்க்கப்பட்டவை. நீண்டகால விளைவு பற்றி மருத்துவர்கள் பொறுமையாகப் பேசுவதற்குக் காரணம், கருவியின் வயதுதான். சீன மருந்தியலாளர் ஹோன் லிக் இன்றைய வடிவத்துக்கு முன்னோடியான கருவியை உருவாக்கியது 2003-இல். இளம் வயதில் தொடங்கியவர்களின் இரத்தக்குழாய்கள் 50, 60 வயதில் எப்படி இருக்கும் என்பதைப் பார்ப்பதற்கு உலகில் இன்னும் ஆள் இல்லை. 2024-இல் அமெரிக்க இதயவியல் கல்லூரியின் மாநாட்டில் முன்வைக்கப்பட்ட ஆய்வு ஒன்று, ஒன்றே முக்கால் லட்சம் பேரின் தரவுகளை ஆராய்ந்து, வேப் பயன்படுத்தியவர்களிடம் இதயச் செயலிழப்பு 19 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டதாகக் கூறியது. அது பார்த்துப் பதிவுசெய்த ஆய்வு மட்டுமே. வேப்தான் காரணம் என்று அதைக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘நெஞ்சுக்கு ஒன்றும் செய்யாது’ என்று அடித்துச் சொல்வதற்கோ, அந்த அளவுக்குக்கூட ஆதாரம் இல்லை.

இங்கிலாந்தில் சிகரெட்டை விடுவதற்கு அரசு மருத்துவத் துறையே வேப்பைப் பரிந்துரைக்கிறதே என்று உங்கள் மகன் இணையத்தில் படித்துவிட்டு வந்து கேட்கலாம். கேட்டால் மகிழ்ச்சியடையுங்கள், படிக்கிறான் என்று பொருள். ஏற்கெனவே நாள்தோறும் புகைக்கும் ஒருவர் முழுவதுமாக வேப்புக்கு மாறினால் அவரது இரத்தக்குழாய்கள் சற்றுத் தேறுகின்றன என்பது உண்மைதான். ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் நடந்து 2019-இல் வெளியான சோதனையில் ஒரே மாதத்தில் அந்த முன்னேற்றம் தெரிந்தது. அது புகைப்பவரோடு ஒப்பிட்ட நன்மை. ஒருபோதும் புகைக்காத உங்கள் மகனுக்கு அந்த ஒப்பீட்டில் இடமே இல்லை. அவன் கீழே இறங்கவில்லை, மேலே ஏறிக்கொண்டிருக்கிறான். இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடிப்பவர்களுக்குச் சிகரெட்டின் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை.

சட்டம் பற்றியும் ஒரு சொல். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாமே தடைசெய்யப்பட்டவை. விற்பவருக்கு முதல் முறையே ஓராண்டுவரை சிறையோ 1 லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே உங்கள் மகன் கையில் இருப்பது கள்ளச்சந்தைச் சரக்கு. உறையில் 2 சதவீதம் என்றிருந்தால் உள்ளே 2 சதவீதம்தானா என்று சோதித்துப் பார்க்க இங்கே எந்த அதிகாரியும் இல்லை. கல்லூரி மாணவர்களிடம் பேசும்போது ‘உனக்கு 50 வயதில் மாரடைப்பு வரும்’ என்பதைவிட, ‘உனக்கு விற்றவனுக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது’ என்பது நன்றாக வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். 19 வயதில் 50 என்பது யாரோ ஒருவருடைய வயது.

கேள்வி: டெல்லிக் காற்றைச் சுவாசிப்பதே நாளுக்கு 10, 15 சிகரெட்டுக்குச் சமம் என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். அப்படியானால் நான் பிடிக்கும் ஐந்தை விட்டு என்ன ஆகப்போகிறது? (கரோல் பாக் வாசகர்)

பதில்: நவம்பர் மாதம் வந்தால் இந்தக் கேள்வி எனக்கு வாரம் ஒரு முறையாவது வரும், கேட்பவர் முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகையும் இருக்கும். கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். மாசு மிகுந்த நாளில் பி.எம். 2.5 நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயதுவந்த ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 20 கனமீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். பெருக்கினால் 4,000 மைக்ரோகிராம், அதாவது 4 மில்லிகிராம். ஒரே ஒரு சிகரெட்டிலிருந்து உள்ளே போகும் நுண்துகளோ ஏறக்குறைய 12 மில்லிகிராம். எடைக்கு எடை பார்த்தால், ஒரு சிகரெட் என்பது மூன்று மோசமான டெல்லி நாட்கள்; உங்கள் ஐந்து சிகரெட் அரை மாதம்.

அப்படியானால் தொலைக்காட்சி சொல்வது பொய்யா என்றால், பொய்யில்லை. அந்த ஒப்பீடு துகளின் எடையை வைத்துப் போட்டதன்று, அதனால் நிகழும் மரணங்களை வைத்துப் போட்டது. குறைந்த எடை நுண்துகள் எப்படிச் சிகரெட்டுக்கு நிகரான கேட்டைச் செய்கிறது என்பதற்கு விடை, முதல் கேள்விக்கு நான் சொன்னதுதான்: இதயத்தைப் பொறுத்தவரை ஆபத்தின் கோடு தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறிவிட்டு, பிறகு மெதுவாக ஏறுகிறது. மெதுவாக ஏறுகிறதே தவிர நின்றுவிடுவதில்லை. காற்று மாசு ஏற்றிவிட்ட உயரத்தின்மேல் உங்கள் சிகரெட் நிக்கோட்டினையும் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்து வைக்கிறது. காற்றை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. 60 மில்லிகிராமை நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது. மாசு மிகுந்த நாட்களில் அலுவலக வாசலில் என்-95 முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு புகைப்பவர்களைக் காணும்போது, அந்த முகக்கவசத்துக்குக் கொடுத்த காசை நினைத்துத்தான் வருந்துகிறேன்.

கேள்வி: என் கணவர் வீட்டுக்குள் புகைப்பதில்லை; பால்கனியில் நின்றுதான் பிடிக்கிறார். எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. இது போதுமான பாதுகாப்பா? (ஜனக்புரி வாசகி)

பதில்: உள்ளே பிடிப்பதைவிட நல்லது, போதுமானது அன்று. திறந்த கதவின் வழியே புகை அறைக்குள் வரும். அடுத்தவர் புகையை நாள்தோறும் சுவாசிப்பவர்களுக்கு இதய இரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு 25 முதல் 30 சதவீதம் கூடுகிறது. டெல்லி 1996-இலேயே, புகைக்காதவர்களைப் பாதுகாக்கும் சட்டத்தை இயற்றியது. 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் பொது இடங்களில் புகைக்கத் தடை இருக்கிறது. பேருந்து நிலையத்தில் நிற்கும் அந்நியருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, வீட்டுப் பால்கனிக்குப் பின்னால் இருக்கும் மனைவிக்கு இல்லை என்பது விந்தைதான். குளிர்காலத்தில் பால்கனிக் கதவு எத்தனை நாள் சாத்தியிருக்கும், எத்தனை நாள் ஒருக்களித்திருக்கும் என்று உங்கள் கணவரையே கேளுங்கள்.

கேள்வி: தென்காசியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் என் அப்பா (67) பீடிதான் பிடிப்பார். ‘சிகரெட்டில்தான் ரசாயனம், பீடி நம்ம ஊர் இலை’ என்கிறார். இங்கே பழகிய நண்பர்களிடமிருந்து இப்போது வாயில் அடக்கும் புகையிலையான கைனியும் கற்றுக்கொண்டிருக்கிறார். (நொய்டா வாசகர்)

பதில்: பீடி சுற்றும் கைகள் நிறைந்த மாவட்டத்திலிருந்து வந்தவருக்கு அதன்மேல் பாசம் இருப்பது இயல்பு. ஆனால் அந்த இலை பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வருவது. ‘நம்ம ஊர்’ என்பதே அங்கே தடுமாறுகிறது. சிகரெட் தாளின் வழியே காற்று புகுவதைப் போல இந்த இலையின் வழியே புகாது. புகையிலை குறைவாக இருந்தாலும், அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருப்பதால், நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகின்றன. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், பீடி மட்டும் பிடித்தவர்களிடம் மாரடைப்பு ஆபத்து 2.89 மடங்காகக் கணக்கிடப்பட்டது. புகையிலை மென்றவர்களுக்கு அது 2.23 மடங்கு, புகைத்தலும் மெல்லுதலும் சேர்ந்தவர்களுக்கு 4 மடங்குக்கு மேல். கைனியில் புகை இல்லை; நிக்கோட்டின் இருக்கிறது, அதுவும் கன்னத்தில் அடக்கிவைத்திருக்கும் நேரம் முழுவதும். உங்கள் அப்பா இப்போது நிற்பது அந்த 4 மடங்கு வரிசையில். இரண்டில் ஒன்றையாவது விடச் சொல்லி நீங்கள் மன்றாடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். புதிதாக வந்த கைனியை விடுவது அவருக்கு எளிது, அதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: எனக்கு வயது 36. சிகரெட் பழக்கம் இல்லை. வார இறுதிகளில் தோழிகளோடு ஹுக்கா மட்டும் உண்டு. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது ஏதாவது உண்டா? (குருகிராம் வாசகி)

பதில்: உண்டு, இந்த வாரமே. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை இரத்தம் உறையும் தன்மையைச் சற்றுக் கூட்டுகிறது. புகையும் அதையே செய்கிறது. 35 வயதைக் கடந்த பின்னும் புகைக்கும் பெண்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து கூடுவதால் அந்த மாத்திரையைத் தவிர்க்கச் சொல்கிறோம். நீரின் வழியே வருவதால் ஹுக்காப் புகை சுத்தமாகிவிடுவதில்லை. ஒரு மணி நேர அமர்வில், ஒரு சிகரெட்டைப் போல 100 முதல் 200 மடங்கு அளவு புகை உள்ளே போகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு அதற்கு மேல். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல், உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் ஹுக்காவைப் பற்றி மறைக்காமல் சொல்லி வேறு வழி கேளுங்கள். ‘நீங்கள் புகைப்பதுண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று அவரிடம் சொல்லியிருப்பீர்கள் என்பது என் ஊகம்.

கேள்வி: எனக்கு 58 வயது. நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மருத்துவமனையில் இருந்த நாட்களில் புகைக்கவில்லை. வீடு திரும்பி மூன்றாம் வாரத்தில் மீண்டும் தொடங்கிவிட்டேன். இவ்வளவு ஆண்டுகள் பிடித்த பிறகு இனி விட்டு என்ன பயன் என்றும் தோன்றுகிறது. நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கலாம் என்றால், நிக்கோட்டினே இதயத்துக்குக் கெடுதல் என்று நீங்களே எழுதுகிறீர்கள். (லோதி காலனி வாசகர்)

பதில்: இறுதியில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நிக்கோட்டின் நல்லதன்று என்று சொன்னேன், உண்மை. ஆனால் சூயிங்கத்தில் வருவது நிக்கோட்டின் மட்டும், அதுவும் மெதுவாக. சிகரெட்டில் அது சில நொடிகளில் மூளையை எட்டுவதோடு, கார்பன் மோனாக்சைடையும் ஆயிரக்கணக்கான பிற வேதிப்பொருள்களையும் துணைக்கு அழைத்து வருகிறது. மாரடைப்பு வந்து நான்கு மாதங்கள் கடந்து நிலையாக இருப்பவருக்கு, மருத்துவர் மேற்பார்வையில், சூயிங்கம் சிகரெட்டைவிட எவ்வளவோ மேல். வேறு வழியும் உண்டு: வேரனிக்ளின் என்னும் மாத்திரை நிக்கோட்டின் மூளையில் பற்றும் இடத்தைத் தானே பிடித்துக்கொள்வதால், ஏக்கமும் குறைகிறது, பிடித்தாலும் சுவை தெரிவதில்லை. வழக்கமாக 12 வாரங்கள். சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்து அளவு தீர்மானிக்க வேண்டியிருப்பதால், உங்கள் இதய மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இனி விட்டு என்ன பயன் என்ற கேள்விக்கு, பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு விடை சொல்கிறது. வாழ்நாள் முழுவதும் புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டுகளை இழந்தார்கள். 50 வயதில் விட்டவர்கள் அதில் 6 ஆண்டுகளையும், 60 வயதில் விட்டவர்கள் 3 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டார்கள். உங்களுக்கு 58. அதைவிட நெருக்கமான கணக்கு ஒன்று: இதய நோய் வந்த பின் புகைப்பதை விட்டவர்களிடம், விடாதவர்களைக் காட்டிலும் இறப்பு ஆபத்து 36 சதவீதம் குறைவாக இருந்தது. நீங்கள் நாள்தோறும் தவறாமல் விழுங்கும் மாத்திரைகள் பலவற்றின் பயனுக்கு இது இளைத்ததன்று. ஸ்டென்ட் என்பது குழாயில் ஓரிடத்தை விரித்துவைக்கும் கம்பிவலை மட்டுமே. மீதியுள்ள குழாய் முழுவதும் பழைய குழாய்தான்; வலையின் மேலேயே இரத்தம் உறைவதற்கும் புகை வழிவகுக்கும்.

மூன்றாம் வாரத்தில் வழுக்கியதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். உடலின் ஏக்கம் முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தை எட்டி, மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். நீங்கள் அந்தக் கரைக்கு மிக அருகில் வரை சென்றிருக்கிறீர்கள். ஒவ்வோர் ஏக்கமும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நேரத்துக்கு என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவைத்திருங்கள். லோதி தோட்டம் உங்களுக்குப் பக்கம்தானே. அரசின் இலவச ஆலோசனை எண் 1800-11-2356 எல்லா சிகரெட் பெட்டிகளிலும் அச்சாகியிருக்கிறது; 2016-இல் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கிய அந்தச் சேவை, இப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் போன்ற மையங்களிலும் இயங்குவதால் தமிழிலும் பேச வழி உண்டு. 40 ஆண்டுகள் டெல்லியில் இந்தி பேசி வாழ்ந்தவர்களுக்குக்கூட, இந்த ஒரு பேச்சு தாய்மொழியில் நடந்தால் இலகுவாக இருக்கிறது.

கேள்வி: புகைப்பதை விட்டு ஐந்து வாரங்கள் ஆகின்றன. ஆனால் இப்போதுதான் நெஞ்சு படபடப்பும் கை நடுக்கமும் தூக்கமின்மையும் வந்திருக்கின்றன. பழைய காலத்து ஆள் நான். நாளொன்றுக்கு நான்கு டம்ளர் ஃபில்டர் காபி உண்டு. விட்டதே தப்போ என்று என் மனைவிகூடக் கேட்கிறாள். (ராமகிருஷ்ணபுரம் வாசகர்)

பதில்: மறக்காமல் காபியைக் குறிப்பிட்டீர்கள், அதில்தான் விடை இருக்கக்கூடும். சிகரெட் புகையில் உள்ள சில வேதிப்பொருள்கள், காஃபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடுகின்றன. எனவே புகைப்பவர் உடலில் காபியின் வேகம் சீக்கிரம் தீர்ந்துவிடும். புகை நின்றதும் சில நாட்களிலேயே அந்த நொதி பழைய வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. நீங்களோ டம்ளரைக் குறைக்கவில்லை. அதே நான்கு டம்ளர் இப்போது இரத்தத்தில் ஏறக்குறைய இரு மடங்கு நேரம் தங்குகிறது. காபியைப் பாதியாகக் குறைத்து, மாலை 4 மணிக்குப் பின் தொடாமல் ஒரு வாரம் பாருங்கள். படபடப்பு அதன்பின்னும் தொடர்ந்தாலோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் எதுவும் உடன் வந்தாலோ காத்திருக்காமல் ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள். நிக்கோட்டின் சூயிங்கம் மெல்லுபவராக இருந்தால், காபி குடித்த கால் மணி நேரத்துக்குள் மெல்ல வேண்டாம்; வாயில் அமிலத்தன்மை இருக்கும்போது நிக்கோட்டின் கன்னத்தின் வழியே சரியாக உள்ளே போகாமல், ‘இது வேலை செய்யவில்லை’ என்று பெட்டிக்கடைப் பக்கம் கால் திரும்பிவிடும். உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: டிகாக்ஷனைக் கொஞ்ச நாள் இளக்கமாக இறக்கட்டும்.